சாசனப் பிதாமகர் லூயிஸ் ரைஸ்

ஒரு நாட்டிற்குச் சரித்திரம் இருந்தால் மட்டும் போதாது. அதனைத் தேடி எடுத்துப் பதிந்து வைப்பாரும் வேண்டும். பதிவு இல்லாத சரித்திரம், ரசீது இல்லாத சரக்கைப் போன்றது. சரக்கு இருக்கலாம், ஆனால் அது யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எவராலும் நிலைநாட்ட இயலாது. இரயில்வே இலாகாவில் பதிவேடுகளோடு காலங் கழிக்கும் நமக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும்.

நாமும் நம் காலனியில் வாழும் குடும்பங்களும் உத்தியோகத்தின் பொருட்டு வந்து தங்கியிருக்கும் இக்கன்னட நாட்டிற்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் பெரும் பகுதி ஏடுகளில் இல்லை, கற்களில் இருந்தது. ஏரிக்கரையிலும், கோயிற் பிராகாரத்திலும், வயல் வரப்பிலும், துணி துவைக்கும் துறையிலும் கேட்பாரற்றுக் கிடந்த அக்கற்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று, எண்ணிட்டு, படியெடுத்து, பொருளறிந்து, அச்சிலேற்றிய பெருமகனார் ஒருவர் இருந்தார். அவர் கன்னடருமல்லர்; தமிழருமல்லர். ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பெங்களூரில் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்பவர் அவர். கன்னட மக்கள் அவரைச் சாசனப் பிதாமகர் என்று அன்போடு அழைப்பர். அவருடைய வாழ்க்கையை நம் சங்கத்து அன்பர்களுக்கும், சிறப்பாக நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ரைஸ் அவர்கள் 1837 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17 ஆம் நாள் பெங்களூரில் பிறந்தார். தந்தையார் லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த பாதிரியார். பெங்களூரிலேயே ஐம்பது ஆண்டுகள் தொண்டு புரிந்தவர். பெங்களூர் அவென்யூ ரோட்டில் இன்றும் நிற்கும் ரைஸ் நினைவுத் தேவாலயம் அத்தந்தையாரின் பெயரைத் தாங்கியதேயாம். எனவே மைந்தர் கேட்டு வளர்ந்த மொழிகளுள் கன்னடமும் ஒன்றாயிருந்ததில் வியப்பில்லை. பின்னர் இங்கிலாந்து சென்று கல்வி கற்று, மீண்டும் தாம் பிறந்த ஊருக்கே திரும்பினார்.

அக்காலத்து மைசூர் இராஜ்யத்தின் நிலையை ஒருவாறு அறிந்துகொள்ளல் நலம். 1831 ஆம் ஆண்டு மகாராஜாவிடமிருந்து ஆட்சியைப் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டு, கமிஷனர்களைக் கொண்டு நிர்வகித்து வந்தனர். 1881 இல் தான் அரசு மீண்டும் உடையார் வமிசத்திற்குத் திருப்பி அளிக்கப்பட்டது. ரைஸ் அவர்கள் முதலில் கமிஷனர்களின் கீழும், பின்பு மகாராஜாவின் கீழும் பணியாற்றியவர்.

1860 இல் பெங்களூர் ஹைஸ்கூலின் தலைமைப் பதவியை ஏற்றார். அப்பள்ளியே பிற்காலத்தில் சென்ட்ரல் காலேஜ் என்று புகழ்பெற்றது. 1865 இல் மைசூர், குடகு ஆகிய இரு நாடுகளுக்கும் பள்ளிகளின் இன்ஸ்பெக்டரானார். 1868 இல் கல்வி இலாகாவின் டைரக்டர் பதவி அவரை வந்தடைந்தது. அப்பதவியில் அவருக்கு முன்னிருந்த காரெட் என்பவரின் மகளையே அவர் மணந்தார். 1882 இல் இந்திய சர்க்கார் நியமித்த ஹண்டர் கல்விக் கமிஷனுக்குக் காரியதரிசியாகவும் இருந்து பணி புரிந்தார். இவ்வளவோடு அவர் நின்றிருப்பாராயின், திறமையுள்ள உத்தியோகஸ்தர் என்ற பெயரோடு மறைந்திருப்பார். இன்று அவரை நினைப்பார் எவருமிலர்.

பள்ளிகளைக் காணச் சென்றவர் கற்களைக் கண்டார்

பள்ளி இன்ஸ்பெக்டர் உத்தியோகம் ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் உத்தியோகமன்று. தாலூக்கா தாலூக்காவாகச் சுற்ற வேண்டும். 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டு வரை இருப்புப் பாதை வந்ததேயன்றி, உள்நாட்டில் இரயில் இல்லை. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே பாதை முற்றுப்பெற்றது 1882 இல் தான். ஆகவே குதிரையும் மாட்டு வண்டியுமே துணை. அவ்வாறு செல்லும் வழியெங்கும் எழுத்துப் பொறித்த கற்கள் அவர் கண்ணில் பட்டன. அவற்றைப் பற்றிய ஆவல் அவருள்ளத்தில் வேரூன்றியது.

அதற்கு முன் மைசூரின் சரித்திரம் எழுதப்படவில்லையோ எனின், எழுதப்பட்டது. கர்னல் வில்க்ஸ் என்பார் 1810 முதல் 1817 வரை வெளியிட்ட நூல் புகழ்பெற்றது. ஆயினும் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் வாழ்ந்த அண்மைக் காலத்தை அது விளக்கிய அளவிற்கு, அதற்கு முற்பட்ட காலத்தை விளக்க இயலவில்லை. கங்கர், கதம்பர், இராஷ்டிரகூடர், ஹொய்சளர் என்ற அரச வமிசங்கள் எப்போது ஆண்டன, யார்க்குப் பின் யார் வந்தார் என்பன இருளில் கிடந்தன. ஸ்தல புராணங்களும் செவிவழிக் கதைகளுமே அதுவரை ஆதாரம்.

கமிஷனர் பௌரிங் காலத்தில், 1865 ஆம் ஆண்டு வாக்கில், டிக்ஸன் என்ற இராணுவ அதிகாரியைக் கொண்டு சில சாசனங்கள் போட்டோப் படங்களாக எடுக்கப்பட்டன. அப்படங்களைப் படித்துப் பொருளுரைக்கும் வேலை ரைஸ் அவர்களிடம் வந்தது. உள்ளூர்ப் பண்டிதர்களின் துணையோடு அவற்றைப் படித்து, 1879 இல் மைசூர் சாசனங்கள் என்ற நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரே 1877, 1878 ஆம் ஆண்டுகளில் மைசூர், குடகு நாடுகளின் கெஜட்டியரை மூன்று தொகுதிகளாக இயற்றியிருந்தார். மலை, ஆறு, மண், பயிர், சாதி, கைத்தொழில், கோயில், வரி, வழி என யாவும் அடங்கிய பெருநூல் அது. 1897 இல் அதனைத் திருத்திப் புதுக்கியும் வெளியிட்டார்.

படியெடுக்கும் முறை

1880களின் நடுவில் தொல்பொருள் ஆராய்ச்சிப் பணியும் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. முதலில் கல்வி இலாகா வேலையோடு சேர்த்தே அதனையும் பார்த்து வந்தார். 1890 முதல் அதுவே அவருடைய முழுநேர வேலையாயிற்று. அப்போது மைசூர்த் திவானாக இருந்தவர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஸர் கே. சேஷாத்ரி ஐயர் என்பது தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

சாசனத்திற்குப் படியெடுப்பது எவ்வாறு என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். முதலில் கல்லின்மேல் படிந்த பாசியையும் சுண்ணாம்பையும் மண்ணையும் நீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் நனைத்த காகிதத்தைக் கல்லின்மேல் பரப்பி, கெட்டியான தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் காகிதம் படியுமாறு செய்ய வேண்டும். காகிதம் சற்று உலர்ந்தபின், மை தோய்த்த துணிப்பொதியால் மெல்ல ஒற்ற வேண்டும். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. எனவே கறுத்த காகிதத்தில் எழுத்துக்கள் வெள்ளையாகத் தோன்றும். காற்று அடித்தால் காகிதம் கிழியும். மழை வந்தால் எல்லாம் வீண். ஒரு பெருங்கல்லுக்கு ஒரு நாளே சென்றுவிடும். இவ்வேலை ஒன்றிரண்டு கற்களுக்கன்று, ஆயிரக்கணக்கான கற்களுக்கு நடைபெற்றது என்பதை எண்ணிப் பார்த்தால் உழைப்பின் அளவு புலப்படும்.

பன்னிரண்டு தொகுதிகள்

அவ்வுழைப்பின் பயனே எபிகிராபியா கர்னாடிகா என்னும் பன்னிரண்டு பெருந்தொகுதிகள். குடகுச் சாசனங்கள் அடங்கிய முதல் தொகுதி 1886 இல் வெளிவந்தது. சிரவணபெளகொளச் சாசனங்கள் 1889 இல் வெளிவந்தன. பின்னர் மைசூர், ஹாசன், கடூர், ஷிமோகா, சித்ரதுர்க்கம், தும்கூர், பெங்களூர், கோலார் என மாவட்டந்தோறும் தொகுதிகள் தொடர்ந்தன. 1905 இல் பன்னிரண்டும் முற்றுப்பெற்றன. அவற்றுள் அடங்கிய சாசனங்கள் 8,869 ஆகும்.

இத்தொகுதிகளின் அமைப்பே நம்மைப் போன்ற குமாஸ்தாக்களின் உள்ளத்தை மிகவும் கவர்கின்றது. நம் இலாகாவில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இரண்டு மூன்று எழுத்தில் ஒரு குறி உண்டன்றோ? அதுபோலவே ரைஸ் அவர்கள் ஒவ்வொரு தாலூக்காவிற்கும் இரண்டெழுத்துக் குறி அமைத்தார். கோலாருக்குக் கே.எல்., பெங்களூருக்குப் பி.என்., ஷிகாரிபுரத்திற்கு எஸ்.கே. என்பன அவை. அக்குறிக்குப் பின் கல்லின் எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, கல் எந்த ஊரில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எவரும் கண்டுகொள்ளலாம். மூல வாசகம், ஆங்கில எழுத்தில் அதன் ஒலிபெயர்ப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றையும் சேர்த்து அளித்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்நாட்டுச் சரித்திரம் எழுதுவோர் எவரும் அவ்வெண்களைச் சுட்டாமல் ஒரு பக்கமும் எழுத இயலாது. பதிவேடு ஒழுங்காயிருப்பின் அதனை எழுதியவர் சென்ற பின்னரும் அது வேலை செய்யும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

கற்கள் கூறிய செய்திகள்

அக்கற்கள் கூறிய செய்திகளுள் சிலவற்றை மட்டும் இங்கே காண்போம்.

1892 இல் சித்ரதுர்க்க மாவட்டத்தில் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜதிங்க ராமேசுவரம் என்னும் மூன்று இடங்களில் அசோகச் சக்கரவர்த்தியின் பாறைச் சாசனங்களை ரைஸ் அவர்கள் கண்டறிந்தார். அசோகரின் ஆணை தென்னாட்டில் இவ்வளவு தூரம் வந்து நின்றது என்பதை அதுவரை உலகம் அறியாது. தாய் தந்தையர்க்குப் பணிக, உயிர்களிடத்து இரங்குக, மெய்யே பேசுக, ஆசிரியரை மாணாக்கர் போற்றுக என்ற அறங்களே அப்பாறைகளில் இருந்தன. எழுதியவன் பெயர் சபடன். அவன் தன் தொழிற்பெயரை மட்டும் வடமேற்கு எல்லையில் வழங்கிய கரோஷ்டி எழுத்தில் பொறித்துச் சென்றான். அவனும் பிறந்த நாட்டை விட்டு வேலை நிமித்தம் நெடுந்தூரம் வந்தவனாதல் வேண்டும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டிற்கு மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தா என்று அவனை நாம் கருதினால் தவறாகாது.

ஷிமோகா மாவட்டத்துத் தாளகுந்தாவில் ஒரு கல் தூணைக் கண்டறிந்தவரும் ரைஸ் அவர்களே. கதம்ப வமிசம் தோன்றிய வரலாற்றை அத்தூண் கூறுகின்றது. மயூரசர்மன் என்ற அந்தண இளைஞன் வேதம் கற்க நம் காஞ்சிபுரத்துக் கடிகைக்கு வந்தான். அங்கே பல்லவர்தம் குதிரை வீரன் ஒருவனோடு பூசல் நேர்ந்தது. அவமானம் பொறாத அவன், தருப்பை ஏந்திய கையால் வாளை ஏந்தி, காடுகளில் படை திரட்டி, முடிவில் ஓர் அரசையே நிறுவினான். கன்னட நாட்டின் பழைய அரசுகளுள் ஒன்று, காஞ்சியின் கல்விச்சாலையில் நேர்ந்த ஒரு மனத்தாங்கலிலிருந்து பிறந்தது என்பதை அக்கல் இல்லாவிடில் எவர் அறிவர்?

மத்தூருக்கு அண்மையில் உள்ள ஆதகூரில் கிடைத்த கல் இன்னும் சுவையுடையது. அது இன்று பெங்களூர் அரசாங்கக் காட்சிசாலையில் உள்ளது. 949 ஆம் ஆண்டளவில் தக்கோலத்தில் நிகழ்ந்த பெரும் போரில், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணை நின்ற கங்க மன்னன் பூதுகன், சோழ இளவரசன் இராஜாதித்தனைக் கொன்றான் என்று அக்கல் கூறுகின்றது. யானைமேல் துஞ்சிய தேவர் என்று நம்மவர் போற்றும் இளவரசர் அவரே. தக்கோலம் அரக்கோணத்திற்கு அண்மையில் உள்ளது. அரக்கோணம் செங்கற்பட்டுப் பாதையில் பணிபுரிந்த நம் அன்பர்கள் அந்த ஸ்டேஷனை நன்கறிவர். போரில் வீரம் காட்டிய மணலேரன் என்ற பணியாளனிடம், வேண்டியதைக் கேள் என்றனன் மன்னன். மணலேரன் பொன்னும் கேளான், ஊரும் கேளான். காளி என்ற பெயருடைய வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருது, பன்றியும் தானும் ஒருங்கே மாண்டது. அதன் பொருட்டு அக்கல் நாட்டப்பட்டு, பூசைக்கு நிலமும் விடப்பட்டது. ஒரு பேரரசின் தோல்வியும் ஒரு நாயின் வீரமும் ஒரே கல்லில் இருக்கின்றன.

தமிழர்க்குச் செய்த உதவி

ரைஸ் அவர்களின் தொண்டு கன்னட நாட்டிற்கே உரியதென்று தமிழர் ஒதுங்கி நிற்றல் ஆகாது. 1004 ஆம் ஆண்டளவில் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றி, ஏறத்தாழ 1116 இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதனை மீட்கும் வரை, இந்நாட்டின் தென் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் ஆண்டனர். அக்காலத்தும் அதன் பின்னரும் எழுந்த தமிழ்ச் சாசனங்கள் பல. கோலார்த் தொகுதியில் மட்டும் 1,347 சாசனங்கள் உள்ளன. அவற்றுள் 714 கன்னடத்திலும், 422 தமிழிலும், 211 தெலுங்கிலும் அமைந்தவை. மூன்று மொழியாரும் கலந்து வாழ்ந்த நிலம் அது என்பதற்கு இக்கணக்கே சாட்சி.

பெங்களூர்ப் பகுதியிலும் அவ்வாறே. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. தொம்மலூர் அவற்றில் தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயராலும் சுட்டப்படுகின்றது. ஒயிட்பீல்டு இரயில் நிலையத்திற்கு அண்மையில் உள்ள பட்டந்தூரில் 1043 ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. இராஜராஜ வேளான் என்ற பட்டம் பூண்ட தலைவன் அங்கே ஏரி வெட்டுவித்து, தூம்பு வைத்து, தெய்வங்களைப் பிரதிஷ்டை செய்த செய்தியை அது கூறுகின்றது. அத்தலைவனின் தந்தை பெயர் பெர்மாடி காவுண்டன். தந்தையின் பெயர் கன்னடம். மைந்தன் பூண்ட பட்டம் தமிழ். இரு மொழிகளும் ஒரே வீட்டில் புழங்கியதை இது காட்டுகின்றது. நம் காலனியில் வீட்டுக்குள் தமிழும் வாசலில் கன்னடமும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு இது புதுமையன்று.

சிரவணபெளகொளத்தில் மலைமேல் நிற்கும் கோமடேசுவரர் திருவடியிலும் இதனைக் காணலாம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சாமுண்டராயர் அத்திருமேனியை அமைப்பித்தார் என்ற செய்தி அங்கே கன்னடத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் வாசகம் கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து எழுதப்பட்டது. வந்து வணங்குவோரில் தமிழரும் உண்டு, அவர்க்கும் விளங்க வேண்டும் என்று அக்காலத்தோர் எண்ணினர் போலும்.

இங்கே ஒன்றைச் சிறப்பாகக் கூற வேண்டும். ரைஸ் அவர்கள் சோழரின் வெற்றியைக் கூறும் கல்லையும் எடுத்தார். சோழரின் தோல்வியைக் கூறும் கல்லையும் எடுத்தார். ஜைனக் கல்லையும் எடுத்தார்; சைவக் கல்லையும், வைணவக் கல்லையும் எடுத்தார். பாதிரியாரின் மகனாகப் பிறந்தும், எம்மதத்தார் கல்லாயினும் ஒரே அளவு கவனத்தோடு எண்ணிட்டார். இக்கல் நமக்குப் பெருமை, அக்கல் நமக்குச் சிறுமை என்று தேர்ந்தெடுத்திருப்பாராயின், அவர் தொகுத்தது சரித்திரம் ஆகாது. வழக்குக்காகத் தயாரித்த பத்திரமே ஆகும். மொழியின் பெயரால் அண்டை வீட்டார் மனம் கசந்த நாட்கள் இந்நாட்டில் சில உண்டென்பதை நாம் அறிவோம். அத்தகைய நாட்களில் கோலார்த் தொகுதியைப் புரட்டிப் பார்ப்பது நலம். முந்தி வந்தவர் யார், பிந்தி வந்தவர் யார் என்ற வாதத்திற்கு அக்கற்கள் இடம் தருவதில்லை. ஏரி வெட்டியவன் பெயரை மட்டும் அவை கூறுகின்றன.

கன்னட நூல்களும் அறிஞர் மாறுபாடும்

கற்களோடு ஏடுகளையும் அவர் காத்தார். அமரகோசத்தைக் கன்னடப் பொருளோடு 1873 இல் வெளியிட்டார். நாகவர்மரின் கர்நாடக பாஷாபூஷணம் என்ற இலக்கணத்தை 1884 இலும், பட்டாகளங்கரின் சப்தானுசாசனத்தை 1890 இலும் பதிப்பித்தார். ஆதிகவி பம்பரின் பாரதம் 1898 இல் அவரால் அச்சேறியது. நம் நாட்டில் உ. வே. சாமிநாத ஐயர் சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் ஏடு தேடி அச்சிட்ட அதே காலத்தில், கன்னட நாட்டில் இப்பணி நடைபெற்றது என்பதை ஒப்பு நோக்குதல் இன்பம் தரும்.

அவர் முடிபுகள் யாவும் அறிஞரால் ஏற்கப்பட்டன என்று கூறுதல் பொருந்தாது. பிளீட் என்ற சாசன அறிஞர், ரைஸ் வெளியிட்ட கங்கர் செப்பேடுகள் பல பிற்காலத்துப் போலிகள் என்று கடுமையாக வாதிட்டார். சந்திரகுப்த மௌரியர் துறவு பூண்டு சிரவணபெளகொளத்திற்கு வந்தார் என்று ரைஸ் கொண்டதையும் அவர் மறுத்தார். இவ்வாதங்கள் பல்லாண்டுகள் நீடித்தன. பிற்கால ஆராய்ச்சி சில செப்பேடுகள் மெய்யானவை என்றும், சில போலியே என்றும் பிரித்தறிந்தது. ஆயிரக்கணக்கான கற்களை விரைந்து படித்தமையால் பாடப் பிழைகளும் நேர்ந்தன. ஆனால் மூலத்தைக் கூடவே அச்சிட்டு வைத்தமையால், பிழையைக் காணவும் திருத்தவும் பின்வந்தோர்க்கு வழி இருந்தது. தம் தீர்ப்பை மட்டும் வெளியிட்டு ஆதாரத்தை மறைக்காமை அவருடைய நேர்மையைக் காட்டும்.

அவரோடு உழைத்த பண்டிதர்களையும் படியெடுப்போரையும் நாம் மறத்தல் ஆகாது. 1899 முதல் அவருக்குத் துணைவராயிருந்த ஆர். நரசிம்மாசாரியார், 1906 இல் ரைஸ் ஓய்வுபெற்றதும் அவ்விலாகாவின் தலைமையை ஏற்றார். சிரவணபெளகொளத்தில் ரைஸ் எடுத்தவை 144 சாசனங்கள். நரசிம்மாசாரியார் 1923 இல் வெளியிட்ட திருத்திய பதிப்பில் 500 சாசனங்கள் இடம்பெற்றன. ஆசான் தொடங்கியதை மாணாக்கர் பெருக்கியதற்கு இது நல்ல உதாரணம்.

இறுதிக் காலம்

ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்ற பின்னரும் ரைஸ் அவர்கள் சும்மா இருந்தாரல்லர். தாம் கண்ட சாசனங்கள் அனைத்தின் சாரத்தையும் திரட்டி, சாசனங்களிலிருந்து அறியப்படும் மைசூர், குடகுச் சரித்திரத்தை 1909 இல் ஒரே நூலாக வெளியிட்டார். 1886 இல் தாம் வெளியிட்ட குடகுத் தொகுதியைத் தம் எழுபத்தேழாம் வயதில், 1914 இல், தாமே திருத்தி மறுபதிப்புச் செய்தார். 1927 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10 ஆம் நாள், தொண்ணூறு வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், ஹாரோ என்ற ஊரில் காலமானார். பிறந்தது பெங்களூர், மறைந்தது இங்கிலாந்து, வாழ்ந்ததோ இந்நாட்டுக் கற்களின் நடுவில்.

அதன்பின் நாட்டின் எல்லைகள் மாறின. 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது குடகும் பிற கன்னடப் பகுதிகளும் மைசூரோடு இணைந்தன. 1973 இல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1972 முதல் எபிகிராபியா கர்னாடிகாவைத் திருத்திப் புதிய பதிப்பாக வெளியிடத் தொடங்கியது. எல்லையும் பெயரும் மாறியும், ரைஸ் அமைத்த அடித்தளத்தின் மேலேயே அப்பணி எழுந்தது.

நம் கடமை

ரைஸ் எண்ணிட்ட கற்களுள் பல இன்று அவ்விடங்களில் இல்லை. சாலை அகலமாகும்போது சில புதைந்தன. ஏரி தூர்ந்து வீடுகள் எழுந்தபோது சில உடைந்தன. கோயில் திருப்பணியின்போது சில வர்ணம் பூசப்பட்டும், சில தேய்க்கப்பட்டும் எழுத்திழந்தன. அவற்றிற்கெல்லாம் இன்று நமக்குள்ள ஆதாரம் அவர் எடுத்த படியொன்றே. அவர் காணாத கற்களும் இன்னும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. பெங்களூர் ஹெப்பாளத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த நடுகல் ஒன்று, 2018 இல் சாக்கடை தோண்டும்போது வெளிப்பட்டது. தோண்டியவர்கள் கவனியாதிருந்திருப்பின் அதுவும் ஜல்லியோடு ஜல்லியாகப் போயிருக்கும்.

ஆகவே நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறையில் கோயிலுக்கோ ஏரிக்கோ செல்லும்போது எழுத்துள்ள கல்லைக் கண்டால், அதன்மேல் சுண்ணாம்போ எண்ணெயோ வர்ணமோ பூசாதீர்கள். பூசுவாரையும் நயமாகத் தடுத்துரையுங்கள். அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, தொல்பொருள் இலாகாவிற்குத் தெரிவியுங்கள். கல் கன்னடத்தில் இருந்தாலென்ன, தமிழில் இருந்தாலென்ன? இரண்டும் நாம் உண்ணும் சோறு விளைந்த மண்ணின் பத்திரங்களே.

இன்னொன்று நம் கைக்கெட்டிய வேலை. நம் சங்கத்தின் பழைய நடவடிக்கைப் புத்தகங்களும், ஆண்டு மலர்களும், நாடகப் படங்களும் ஓய்வுபெற்றுச் சென்றவர்களின் பரண்களில் செல்லரித்து வருகின்றன. இக்காலனிக்கு முதலில் வந்த குடும்பங்கள் யாவை, தமிழ் வகுப்பை யார் எந்த ஆண்டில் தொடங்கினார்கள் என்பதைக் கூற இன்று சில முதியவர்களே உள்ளனர். அவர்களும் சென்றபின் கேட்பதற்கு ஆளிராது. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒழுங்காக எண்ணிடும் வழக்கமும், பெருமை சிறுமை பாராமல் உள்ளதை உள்ளவாறு எழுதும் மனமும் இருந்தால் போதும். இவ்வாண்டிலேயே அவ்வேலையைத் தொடங்குவோமாக.

தாம் ஆண்ட நாட்டை வருணித்தவர் பலர். தாம் பிறந்த நாட்டை எண்ணி எண்ணிப் பதிந்து வைத்தவர் சிலரே. அச்சிலருள் முதல்வர் லூயிஸ் ரைஸ். அவர் பதிந்த 8,869 கற்களும் அவர் பெயரைக் கூறும். அவற்றுள் தமிழ் பேசும் கற்களும் சேர்ந்தே கூறும்.